ஏலமலையின் கதை – 17: மிளகுக்குக் கட்டிய மதில்

குரங்கணியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைமுகட்டில்தான் மாநில எல்லை ஓடுகிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். கொழுக்குமலை நம் போடி தாலுகாவில் இருக்கிறது. ஆனால் ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக வேண்டும். இப்படிப் பின்னிக் கிடக்கிற எல்லை இது. முகட்டுக்கு அப்பால் இருக்கும் மலை முழுவதும் 1956க்கு முன்பு கேரளத்தின் கணக்கிலும் இல்லை, தமிழ்நாட்டின் கணக்கிலும் இல்லை. அது நெடுங்காலம் திருவிதாங்கூர் ராஜாவின் மலையாக இருந்தது.

1877ஆம் ஆண்டு பூஞ்சாறு ராஜா கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக்கொடுத்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். பூஞ்சாறு ராஜா கையெழுத்துப் போட்ட பிறகும் அந்தப் பத்திரத்துக்குத் திருவிதாங்கூர் அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பாண்டிய வம்சத்தில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட பூஞ்சாறு, தெற்கே வேணாட்டில் சிறிய அரசாக இருந்த அந்தத் திருவிதாங்கூர் வம்சத்துக்கு எப்படி அடங்கிப் போனது? மலைச்சரக்கின் மேல் அந்த அரசுக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் மலையில் கிடைக்காது. மதுரை, திருநெல்வேலி தாண்டி, மேற்குத்தொடர்ச்சி மலை முடிகிற இடத்துக்கு, கடற்கரைக்குப் போக வேண்டும்.

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் வட்டக்கோட்டை. விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும் பார்த்த கூட்டத்தில் ஒரு பகுதி மாலை வேளையில் இங்கே வந்து சேர்கிறது. வாசலில் இளநீர்க் கடை, வண்டி நிறுத்துமிடம். உள்ளே போனால் போர்க்களத்தின் சாயல் எதுவும் முதலில் கண்ணில் படாது. செதுக்கிவிட்ட புல்வெளி, நடைபாதை, நிழல் மரங்கள், நடுவில் படிகள் இறங்குகிற ஒரு நன்னீர்க் குளம். பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் புல்லில் உருள்கிறார்கள். வீட்டிலிருந்து கட்டி வந்த புளியோதரையைப் பிரித்து ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. தொல்லியல் துறை பராமரிக்கிற இந்த இடத்தை ஊர்க்காரர்கள் ஒரு பூங்காவாகத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மக்கள் வந்து உட்காருகிற கோட்டைதான் பிழைக்கிறது. யாரும் போகாத கோட்டைகளை முள்ளும் கல் திருடர்களும் எடுத்துக்கொள்வதை நம் பக்கத்திலேயே பார்க்கிறோம்.

குளத்தைத் தாண்டிப் போனால் மதிலின் மேல் ஏற அகலமான சாய்தளம் இருக்கிறது. படிக்கட்டு இல்லாமல் சரிவாக விட்டதற்குக் காரணம் பீரங்கி. சக்கரம் வைத்த பீரங்கியைப் படியில் ஏற்ற முடியாது. சரிவில் கயிறு கட்டி இழுத்துவிடலாம். சரிவில் ஏறும்போதே கால் அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்கிறது. மேலே போனால் கடல் சட்டென்று மூன்று பக்கமும் விரிகிறது. கோட்டையின் ஒரு பகுதி கடலுக்குள்ளேயே நீண்டு நிற்கிறது. மதிலின் உயரம் சுமார் 25 அடி. முன்பக்கம் அதன் கனம் ஏறத்தாழ 29 அடி. ஒரு மாட்டுவண்டி தாராளமாக ஓடலாம். பின்பக்கம் ஆறடிதான். எந்தத் திசையிலிருந்து குண்டு வரும் என்று கட்டியவன் எதிர்பார்த்தான் என்பதை அந்தக் கனமே சொல்லிவிடுகிறது. மொத்தப் பரப்பு மூன்றரை ஏக்கர். நம் மலையில் ஒரு சிறு ஏலத்தோட்டத்தின் அளவு.

கருங்கல் ஒவ்வொன்றையும் கைவைத்துப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் சூடாகவும் கடல்பக்கம் உப்புப் பிசுபிசுப்பாகவும் இருக்கிறது. ஓரிடத்தில் கல்லில் மீன் செதுக்கியிருக்கிறது, பாண்டியரின் சின்னம். கீழே கடற்கரையில் மணல் கறுப்பு. ஈரக்காலில் ஒட்டினால் நடுநடுவே செம்மணி மினுங்குகிறது. வடமேற்கே திரும்பினால் மருந்துவாழ் மலை. அதற்குப் பின்னால் நீலமாக ஏறிப்போகிற தொடர்தான் செங்கோட்டை, குமுளி, கம்பம் என்று நடந்து நம் குரங்கணி முகடாக வந்து நிற்கிறது.

மதில்மேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், திருநெல்வேலிப் பக்கம், பேரப்பிள்ளைகளோடு வந்தவர், கேட்டார்: "ஏன் தம்பி, இது யாரைத் தடுக்கிறதுக்குக் கட்டுனது?"

"டச்சுக்காரங்களை, ஐயா."

"அவங்களுக்கு இங்கன என்ன சோலி?"

"மிளகு."

"மிளகுக்கா இம்புட்டுக் கல்லு?"

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆம், மிளகுக்குத்தான்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது. அதன்பின் மலையாளக் கரையில் அவர்கள் வைத்துக்கொண்ட முறை எளிமையானது. ஒவ்வொரு சிற்றரசனிடமும் ஓர் ஒப்பந்தம்: உன் நாட்டு மிளகை எனக்கு மட்டும் கொடு, நான் சொல்லும் விலைக்குக் கொடு, எதிரி வந்தால் நான் காப்பாற்றுகிறேன். சிற்றரசர்கள் நிறையப் பேராகப் பிரிந்து கிடந்தவரை இது நடந்தது. விலை குறைவாக இருந்ததால் மிளகு கம்பெனியின் கிடங்குக்கு வராமல் இரவோடு இரவாகக் கணவாய்கள் வழியே பொதிமாட்டில் பாண்டி நாட்டுக்கு இறங்கியது. டச்சுக்காரர்கள் இதைக் கடத்தல் என்று சொல்லிப் புலம்பினார்கள். கொடியை நட்டுப் பறித்துக் காயப்போட்டவனுக்கு அது நல்ல விலை தேடும் வழி.

1729இல் வேணாட்டில் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா இந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டார். பக்கத்து அரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வடக்கு நோக்கி நகர்ந்தார். மிளகு விளைகிற நிலம் ஒரே கைக்குப் போனால் டச்சுக்காரர்களின் ஒப்பந்தங்களுக்கு மதிப்பில்லை. தடுக்கப் பார்த்தார்கள். இலங்கையிலிருந்து கப்பலில் வந்த படை குளச்சலில் இறங்கித் தடுப்பரண் கட்டி உட்கார்ந்தது. 1741 ஆகஸ்டில் அந்தப் படை சரணடைந்தது. வெடிமருந்துக்குத் தீப்பிடித்து உள்ளே வைத்திருந்த அரிசியும் எரிந்துபோன பிறகு அவர்களுக்கு வேறு வழியில்லை. குளச்சல் கடற்கரையில் அந்த வெற்றிக்கு இன்றும் ஒரு தூண் நிற்கிறது. அன்று கடலோர முக்குவர்கள் அரசனின் பக்கம் நின்றார்கள் என்பதையும், துடுப்புகளைத் தோளில் சார்த்தித் துப்பாக்கிப் படைபோலக் காட்டினார்கள் என்பதையும் அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

சரணடைந்தவர்களில் ஒருவர் எஸ்தாக்கியுஸ் தெ லனாய். பிளெமிஷ்காரர், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். மார்த்தாண்ட வர்மா இவரைச் சிறையில் வைத்திருக்கலாம், தலையை எடுத்திருக்கலாம். தம் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். அணிவகுப்பு, துப்பாக்கி, பீரங்கி வார்ப்பு, கோட்டைக் கட்டுமானம் என எல்லாம் அவர் கைக்குப் போனது. மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். பழைய செங்கல் அரணாக இருந்த வட்டக்கோட்டையைக் கருங்கல்லில் எழுப்பியது இவர் மேற்பார்வையில்தான். டச்சுக்காரர்களின் படையில் வந்தவரே டச்சுக்காரர்கள் திரும்பி வராமல் இருக்க மதில் கட்டினார். திருவிதாங்கூர் கடற்கரையில் எழுப்பிய கடைசிக் கோட்டை இது என்பார்கள்.

1753இல் மாவேலிக்கரையில் கையெழுத்தான உடன்படிக்கையோடு டச்சுக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆசியாவின் ஓர் அரசன் ஐரோப்பியக் கம்பெனியை அடக்கி உட்கார வைத்த கதை என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் இதைக் கொண்டாடுகின்றன. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஏலமலை அடிவாரத்தில் உட்கார்ந்து இந்த வரலாற்றைப் படிக்கிறவனுக்கு இன்னொரு ஆண்டு கண்ணில் உறுத்தும். 1743. குளச்சலுக்கு இரண்டே வருடம் கழித்து மார்த்தாண்ட வர்மா மிளகு வியாபாரம் முழுவதையும் சர்க்காரின் ஏகபோகமாக அறிவித்தார். விளைந்ததை அரசனுக்கு மட்டும் கொடு, அரசன் வைத்த விலைக்குக் கொடு. எந்த முறைக்காகக் கம்பெனி கப்பல் அனுப்பியதோ அதே முறையை வென்ற அரசன் தானே எடுத்துக்கொண்டார். தளவாய் ராமய்யன் அதற்கு ஒரு நிர்வாகத்தையே கட்டினார். பண்டகசாலைகள், வழியெல்லாம் சுங்கச் சவுக்கைகள், மேலே ஓர் அதிகாரி. அந்தப் பதவிக்கு முளகு மடிசீலைக் காரியக்காரர் என்று பெயர். அந்த மடிசீலையிலிருந்துதான் படைக்குச் சம்பளம் போனது, பீரங்கி வார்ப்புக்கு உலோகம் வந்தது, கருங்கல் உடைத்தவனுக்குக் கூலி கிடைத்தது.

1749, 1750 வாக்கில் தெக்கும்கூர் அரசு வீழ்ந்தது. அதைச் சார்ந்திருந்த பூஞ்சாறும் பணிந்தது. நம் முகட்டுக்கு அப்பால் இருந்த மலை திருவிதாங்கூருக்குப் போனது இப்படித்தான். கடற்கரையில் மதில் எழும்பிய அதே தலைமுறையில் மலையும் அரசனின் கணக்கில் ஏறிவிட்டது.

வட்டக்கோட்டை மட்டும் தனியாக நின்று காவல் காக்கவில்லை. மேற்குத்தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில், ஆரல்வாய்மொழியில், ஒரு கணவாய் திறக்கிறது. இன்று காற்றாலைகள் சுழல்கிற இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு படையோ ஒரு பொதிமாட்டுக் கூட்டமோ மலை ஏறாமல் உள்ளே நுழைய அதுதான் முக்கிய வழி. தெ லனாய் அந்தக் கணவாயிலிருந்து கடல் வரை காவல் அரண் ஒன்றை எழுப்பினார். அதன் கடல்முனைதான் வட்டக்கோட்டை. இப்படி ஒரு கோடு போட்டால் அது எதிரிப் படையை மட்டும் நிறுத்தாது. சுங்கம் கட்டாத மிளகு மூட்டையையும் நிறுத்தும். மதில்மேல் நின்று கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கோட்டையின் பாதி வேலையைத்தான் பார்க்கிறார்கள். நிலத்தின் பக்கமும் அதற்கு ஒரு கண் இருந்தது.

தெற்கே கணவாயை அடைக்கலாம். வடக்கே நம் பக்கம் எத்தனை மெட்டுகளை அடைப்பது? போடிமெட்டு, தேவாரம் மெட்டு, கம்பம்மெட்டு, இவை போதாதென்று குரங்கணியிலிருந்து ஏறுகிற காட்டுத்தடங்கள். மிளகைத் தொடர்ந்து ஏலக்காயும் சர்க்கார் சரக்கானது. ஏலமலையில் காடு திருத்தி ஏலம் போட்டவர்களில் பெரும்பகுதி மதுரைச் சீமைக்காரர்கள், அதாவது கம்பம் பள்ளத்தாக்கும் போடியும். விளைந்த காயை ஆலப்புழைப் பண்டகசாலையில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்கு நேர் கீழே போடிச் சந்தை இருக்கும்போதும் அங்கே விற்கக் கூடாது. விற்றால் குற்றம். இந்த ஏகபோகம் 1896 வரை நீடித்தது. பிறகுதான் நிலத்துக்கு வரி கட்டிவிட்டுக் காயை விரும்பிய இடத்தில் விற்கலாம் என்ற நிலை வந்தது. போடி ஏலக்காய் நகரமாக வளர்ந்தது அந்த விடுதலைக்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். இன்று போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து லாட்டுக்கு விலை கேட்கிறார்கள். விலை விழுந்தால் தோட்டக்காரர் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் யாருக்கு விற்பது என்பதை அவர் தீர்மானிக்கலாம். அந்த உரிமைக்கு நம் முன்னோர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் அதே நாளில் உதயகிரிக் கோட்டைக்கும் போக வேண்டும். நாகர்கோவில் தாண்டி, புலியூர்க்குறிச்சியில், திருவனந்தபுரம் சாலையை ஒட்டியே இருக்கிறது. அது கடற்கரைக் கோட்டை அல்ல. ஒரு குன்றை வளைத்துக் கட்டிய பெரிய கோட்டை. வனத்துறை அதைப் பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது. மான்கள், பறவைக் கூண்டுகள், பெரிய மரங்கள். மார்த்தாண்ட வர்மா காலத்தில் இங்கேதான் பீரங்கி வார்த்தார்கள். உள்ளே ஓர் இடிந்த தேவாலயத்துக்குள் தெ லனாயின் கல்லறை இருக்கிறது. 1777இல் இறந்தார். கல்லில் லத்தீன், தமிழ் இரண்டிலும் எழுதியிருக்கிறார்கள். போர்க்கைதியாக இந்த மண்ணில் இறங்கியவர் முப்பத்தாறு வருடம் இங்கேயே வாழ்ந்து, மனைவி மகனோடு இங்கேயே மண்ணானார். மான் பார்க்க வந்த பிள்ளைகள் அந்தத் தமிழ் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க முயல்வதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

அந்தக் கோட்டையின் நினைவுகளில் கசப்பானதும் உண்டு. தெ லனாயிடமிருந்து கிறிஸ்தவத்தை அறிந்துகொண்ட அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை, 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன் பின் சிறையும் சித்திரவதையுமாக வருடங்கள் போயின. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அரசன் அதே மார்த்தாண்ட வர்மாதான். கோட்டை கட்டியவனின் திறமையை வியக்கும்போது அந்த ஆட்சியின் கையில் பட்டவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இத்தனை செலவில் கட்டிய அரண் கடைசியில் வேறு ஒரு கம்பெனியிடம் விழுந்தது. தளவாய் வேலுத்தம்பி ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, 1809 பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெகரின் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது. தாக்குதல் கடலிலிருந்து வரவில்லை, நிலத்திலிருந்து வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையின்றி வீழ்ந்தன.

பிறகு 1956. திருவிதாங்கூர்த் தமிழர்கள் மார்ஷல் நேசமணி தலைமையில் தமிழ் தாலுகாக்களைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கப் போராடினார்கள். தேவிகுளமும் பீர்மேடும் அந்தக் கோரிக்கையில் இருந்தன. 1954 ஆகஸ்ட் 11 அன்று தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் செத்தார்கள். மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றை அன்றைய சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கு விட்டது. 1956 நவம்பர் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஒரே அரசின் கீழ் இருந்த மலையும் கோட்டையும் பிரிந்தன. அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் இருந்ததால் வட்டக்கோட்டை நமக்கு வந்தது. சரக்கு விளைந்த மலை அங்கே போனது. பத்மநாபபுரம் அரண்மனை விஷயம் இன்னும் விசித்திரம்: அது நிற்கிற மண் தமிழ்நாடு, பராமரிப்பது கேரள அரசு.

போடியிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிற வண்டிகள் வட்டக்கோட்டையைப் பல சமயம் விட்டுவிட்டு வந்துவிடுகின்றன. நமக்கும் அதற்கும் என்ன என்ற எண்ணம். எனக்கு அது ஆதங்கமாக இருக்கிறது. கன்னியாகுமரிக்காரர்களுக்கு அந்தக் கோட்டையில் எவ்வளவு பாத்தியதை உண்டோ அவ்வளவு பாத்தியதை மலைச்சரக்கைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. தொல்லியல் துறையிடம் என் கோரிக்கை ஒன்றுதான். புல்வெளியின் ஓரத்து மரங்களில் நாலு மிளகுக்கொடி ஏற்றிவிடுங்கள். கடற்கரையானாலும் நிழலும் தண்ணீரும் கொடுத்துப் பேணினால் வராமல் போகாது என்று நம்புகிறேன். பக்கத்தில் இந்த மதிலுக்கான பணம் எந்த விளைச்சலிலிருந்து வந்தது என்று தமிழில் எழுதி வையுங்கள். இம்புட்டுக் கல்லா என்று கேட்கிற பெரியவர்களுக்கும் உருண்டு விளையாடுகிற பிள்ளைகளுக்கும் அது போதும்.

மிளகின், ஏலத்தின் கதை இப்படி என்றால், தேவிகுளம் பக்கம் விளைந்த தேயிலை எல்லா நேரமும் திருவிதாங்கூர்த் துறைமுகங்களுக்குப் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி நம் கொட்டகுடிக்கு இறங்கியது, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயிலையும், 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோனதையும், இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரோடு மலைச்சரிவில் இருக்கிற ஊரையும் அடுத்த இதழில் பார்ப்போம்.